திம்பத்தில் செகண்ட் கியர்

செகண்ட் கியர்! இதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பண்ணாரியிலிருந்து திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. முதுகில் ஏழு டன் மாட்டுத் தீவன மூட்டை. அத்தனை வளைவிலும் ஒரே ஒரு இடத்தில்கூட என் லாரி ஃபர்ஸ்ட் கியர் கேட்கவில்லை. வளைவில் செகண்ட், வளைவு நிமிர்ந்ததும் தேர்டு. சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் புகை இல்லை, மலைதான் தெரிந்தது. திம்பம் உச்சியில் டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நாற்பது வருஷம் லாரி வாசனையிலேயே வளர்ந்தவன் நான். அன்றைக்குப் போல ஒரு சந்தோஷம் எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்ததில்லை.

இதே மலையில் அதற்கு முன்னால் நான் பட்டது வேறு. ஐந்து டன் ஏற்றினாலே வளைவிலும் ஃபர்ஸ்ட், நேரிலும் ஃபர்ஸ்ட். பாதி மலையில் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் போகிற பாதை அது. இரவில் லாரிக்கு அனுமதி கிடையாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, மலையில் இழக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பண்ணாரி செக்போஸ்ட்டில் ஒரு இரவாக வந்து நிற்கும். ஆகவே 'இழுவை' என்பது என் மாதிரி ஆட்களுக்குப் பெருமை பேசுகிற விஷயம் இல்லை. அது பிழைப்பு.

என்னுடையது 1210 எஸ்.இ. மூக்கு நீண்ட பழைய டாடா. சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்கு வந்து குடியேறிய அப்பா வாங்கியது. பன்னிரண்டு என்றால் மொத்த எடை 12 டன், பத்து என்றால் 100 குதிரை. ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்த பெயர் வைக்கும் முறை இது. 1954-இல் டாடாவின் டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்ட ஆரம்பித்தன. 1969-இல் ஒப்பந்தம் முடிந்தது. மூக்கில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. எஞ்சின் பரம்பரை மட்டும் தொடர்ந்தது. 697 என்கிறோமே, அந்த எண்ணிலேயே எஞ்சினின் ஜாதகம் இருக்கிறது: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் போர், அதாவது உள்விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128. பெருக்கிப் பார்த்தால் 5,675 சி.சி. மெர்சிடிஸின் ஓ.எம்.352 எஞ்சினுக்கும் இதே அளவுகள்தான். அந்த எஞ்சின் உலகம் முழுக்க லாரியிலும் பஸ்ஸிலும் ஓடியிருக்கிறது. இதன் குரல் எனக்குத் தாலாட்டு.

அப்படிப்பட்ட எஞ்சின் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு மத்தியானம் செத்தது. கனெக்டிங் ராட் முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கிழிந்த பிளாக்குக்கு வைத்தியம் இல்லை. வண்டியை எடைக்குப் போடச் சொன்னார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை. பிரித்த லாரிகளிலிருந்து இறக்கிய எஞ்சின்களைத் தேடி அலைய ஆரம்பித்தேன். நம்ம பக்கம் காயலான் கடை என்போம், இங்கே கன்னடத்தில் குஜரி. மூன்று குஜரி ஏறி இறங்கி நாலாவதில் கிடைத்தது ஒரு 697. தலைமுதல் பான்வரை கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு, பம்ப்பில் சிலந்திக் கூடு. 60,000 ரூபாய் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த காசு இல்லை. ஃபிட்டர் பாயைக் கூடவே அழைத்துப் போயிருந்தேன். அவர் எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லவே இல்லை. "ஓடுற எஞ்சின் பொய் சொல்லும்ணா, பிரிச்சுப் போட்ட எஞ்சின் சொல்லாது" என்று ஹெட்டையும் ஆயில் பானையும் கழற்றவைத்தார். பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, காயவிட்டு, அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுவிடும். கோடு விழவில்லை. கிராங்க் ஷாஃப்ட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. விரிசல் விட்ட கிராங்க் அப்படிப் பாடாது, 'டொக்' என்று அடங்கிவிடும். அந்த மணி ஓசையில்தான் நான் பணத்தை எண்ணினேன்.

பட்டறை பன்னிமண்டபத்தில். தசரா ஊர்வலத்தில் அம்பாரி யானை அரண்மனையிலிருந்து கிளம்பி வந்து சேருகிற அதே பன்னிமண்டபம். பன்னி என்றால் கன்னடத்தில் வன்னி மரம். பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்துவைத்து, காலம் வந்ததும் எடுத்துக்கொண்டார்களே, அந்த மரம். செத்ததாக ஒதுக்கிய எஞ்சினை உயிரோடு எடுக்க இதைவிடப் பொருத்தமான பெயருள்ள இடம் எங்கே இருக்கிறது!

மைசூர் என்றதும் பட்டு, சந்தனம், மல்லிகை, பாக் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது இரும்பு தெரிந்த ஊர் என்று நான் உரக்கச் சொல்லுவேன். லாரிக்கு ஆக்ஸில் செய்கிற ஆட்டோமோட்டிவ் ஆக்ஸில்ஸ் ஹூட்டகள்ளியில் இருக்கிறது. மேட்டகள்ளியில் விக்ராந்த் டயர் தொழிற்சாலை, இன்று ஜே.கே. கையில். பி.இ.எம்.எல். இங்கேதான் சுரங்க டிப்பர்களும் எஞ்சினும் கட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா. 1961 முதல் 1996 வரை ஜாவாவும் எஸ்டியும் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. தொழிற்சாலை மூடிய பிறகு அங்கே பழகிய கைகள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. என் கிராங்க்கைக் கிரைண்டிங் செய்த பெரியவர் அங்கே வேலை கற்றவர். மைக்ரோமீட்டரை அவர் பிடிக்கிற விதம் பூப் பறிக்கிறவர் கை மாதிரி இருக்கும். அழுத்தமே இருக்காது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'எஞ்சினுக்குப் பவர் ஏத்துறது' என்று ஸ்டாண்டில் எல்லாரும் பேசுகிறோம். நானும் பேசியவன்தான். ஆனால் பவரை யாரும் ஏற்றவேண்டியதே இல்லை. தொழிற்சாலையில் கொடுத்த பவர் ஆயிரம் ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தாலே போதும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய தத்துவம் எவ்வளவு எளிமை! பிளக் கிடையாது, பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்து, அது தானே கொதிக்கும், அதில் டீசலைத் தூவு, பற்றிக்கொள்ளும். 697 தன் காற்றை ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுக்கும்போது ரிங் ஓரமாகவும் வால்வு ஓரமாகவும் காற்று நழுவினால் சூடு குறையும். சூடு குறைந்தால் டீசல் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிந்தது புகையாகப் போகும், இழுவையாக வராது. அவ்வளவுதான் கதை.

அதனால் பாய் முதலில் செய்தது அளவு எடுப்பது. போர் கேஜை ஒவ்வொரு லைனருக்குள்ளும் மேலே, நடுவே, கீழே என்று இறக்கி, குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று, ஆறு சிலிண்டருக்கும் எழுதிவைத்தார். சுவரில் சுண்ணாம்பு அடித்த இடத்தில் பென்சிலால் எழுதினார், அந்தக் கணக்கு இன்னும் அங்கே இருக்கிறது. என் விரலைப் பிடித்து லைனரின் மேல் விளிம்புக்குக் கீழே வைத்தார். நகம் தட்டியது. ஒரு சின்னப் படிக்கட்டு! பிஸ்டன் மேலே போய் நின்று திரும்புகிற இடம் அது. ஒரு கணம் நிற்பதால் எண்ணெய்ப் படலம் அங்கே மெலிந்துவிடும், எரிகிற அழுத்தமும் அங்கேதான் உச்சம். ஆகவே தேய்மானம் எப்போதும் அங்கே அதிகம். வருஷக்கணக்கான மலைப் பாதைகளை அந்தப் படிக்கட்டில் என் நகம் தொட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் போட்டு எடுத்தார்கள். தண்ணீர் ஓடும் அறைகளைச் சுரண்டியபோது கடைசி இரண்டு சிலிண்டரைச் சுற்றி ஒரு படி உப்புப் பாறை வந்தது. போர்வெல் தண்ணீர் செய்த வேலை. வண்டி ஏன் மலையில் கொதிக்கிறது என்று ரேடியேட்டரையே திட்டிக்கொண்டிருக்கிறோமே, பாதி நேரம் குற்றவாளி பிளாக்குக்குள் உட்கார்ந்திருக்கிறான். அன்றிலிருந்து கூலன்ட் தவிர வேறு எதையும் நான் ஊற்றுவதில்லை. என் பழைய எஞ்சினுக்கும் இதைச் செய்திருக்கலாமே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பழைய லைனரைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை இறக்கி, போர் செய்து, கடைசியாக ஹோனிங். இதை ஒருமுறையாவது நேரில் பாருங்கள்! மூன்று கல் பதித்த ஹோன் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகிறது, எண்ணெய் வழிகிறது. நின்றதும் டார்ச் அடித்தால் சிலிண்டர் சுவர் முழுக்க மெல்லிய குறுக்குக் கோடுகள், புதுப் பாயின் பின்னல் மாதிரி. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் அழகு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் கோடுகளுக்குள்தான் எண்ணெய் தங்கும், அந்தக் கோடுகளில் உரசித்தான் ரிங் தன் இடத்தைப் பிடிக்கும். நான் அந்தக் கோடுகளைக் கைபேசியில் படம் எடுத்துவைத்திருக்கிறேன். யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டுகிறேன்.

சாமான் பெட்டிகள் வந்து இறங்கிய நாளும் எனக்குத் திருவிழாதான். பிஸ்டன் சென்னை செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ். பேரிங் கோயம்புத்தூர் பைமெட்டல். டீசல் பம்ப்புக்கு வேண்டிய எலிமென்ட் பெங்களூர் மைக்கோ. 2008-இலேயே கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, பட்டறையில் இன்னும் மைக்கோதான். செம்பியம், கோவை, பெங்களூர் மூன்றும் பன்னிமண்டபத்து மேஜையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஜெர்மன் வம்சத்து எஞ்சினுக்கு உயிர் கொடுக்க நம்ம ஊர்ச் சாமான்.

கிராங்க் ஜர்னல்களை யாதவகிரிப் பெரியவர் 0.25 மில்லிமீட்டர் இறக்கிக் கிரைண்டிங் செய்தார். செய்து முடித்துவிட்டு ஒவ்வொரு எண்ணெய்த் துளையின் விளிம்பையும் கையால் மழுக்கினார், கூர்மையாக விட்டால் பேரிங்கைச் சுரண்டும் என்று. யாரும் கேட்காத வேலை அது, பில்லிலும் வராது. அடுத்து எடை. ஆறு பிஸ்டனும் ஆறு ராடும் ஒரே எடையில் இருக்கவேண்டும் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். பட்டறைத் தராசு கிராம் காட்டாது. ஆகவே ராட்களைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அசோகா ரோட்டில் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். வெள்ளிக் குத்துவிளக்கு நிறுக்கிற தராசில் டாடா லாரியின் கனெக்டிங் ராட்! கடைக்காரர் தாமே ஒவ்வொன்றாக வைத்து எழுதிக்கொடுத்தார். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தது. கனத்த ராடுகளின் மூடிப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, நாலு நடை நடந்து, ஆறையும் சில கிராமுக்குள் கொண்டுவந்தோம். 2,800 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்குச் சராசரியாக 12 மீட்டர் வேகத்தில் ஓடி நின்று திரும்புகிறது. அங்கே ஒரு சில்லறைக்காசு எடைகூட உலுக்கும். இன்று என் கேபினில் டீ டம்ளரை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்றால் அந்த நகைக்கடைத் தராசு ஒரு காரணம்.

ஹெட் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: தண்ணீர் அழுத்திச் சோதனை, புது வால்வு, சீட் வெட்டு, பேஸ்ட் போட்டு உட்கார வைத்தது. போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டோம், காலையில் வால்வு ஓரத்தில் ஒரு துளி இல்லை.

பம்ப் கடையில்தான் எனக்குப் பெரிய பாடம். பெஞ்சில் பம்ப்பை மாட்டி ஓடவிட்டால் முன்னால் ஆறு கண்ணாடிக் குழாய், ஆறு எலிமென்ட் தள்ளுகிற டீசல் தனித்தனியாக நிரம்பும். என் குஜரிப் பம்ப்பில் ஒன்று வழிந்தது, ஒன்று பாதிகூட வரவில்லை. ஒரு சிலிண்டர் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறது, இன்னொன்று பட்டினி! புது எலிமென்ட் போட்டு, திருகித் திருகி ஆறையும் ஒரே கோட்டில் நிறுத்தினார் பம்ப் கடை ஐயா. அப்போது நான் ஆசையாகக் கேட்டேன்.

"ஐயா, கொஞ்சம் டீசலைக் கூட்டிவிடுங்களேன். திம்பம் ஏறணும்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காத்து எவ்வளவு போகுதோ அவ்வளவுக்குத்தான் டீசல் எரியும் தம்பி. மீதி கறுப்பா வெளிய போகும், இல்ல பிஸ்டன் மண்டைய உருக்கும். நீ கேக்கற இழுவை இந்த ஆறு குழாய் சமமா இருக்கறதுல இருக்கு."

எவ்வளவு உண்மை! நாசில்களையும் அவரே சோதித்தார். கைப்பிடியை அழுத்தினால் 'கர்ர்ர்' என்று ஒரு நடுக்கம், பன்னீர் தெளித்த மாதிரிப் பனி, கடைசியில் முனையில் சொட்டு நிற்கக்கூடாது. ஆறாவது நாசில் சொட்டியது. அதைத் தூக்கி ஓரம் போட்டார்.

பூட்டும் வேலை மூன்று நாள். ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் நேராக வைத்து, வாய் இடைவெளியைத் தகட்டால் அளந்தார்கள். ஈயக் கம்பித் துண்டைப் பிஸ்டன் தலையில் வைத்து, ஹெட்டை இறுக்கி, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய ஈயத்தின் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்த்தார் பாய். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அந்த ஈயம் சொல்லிவிடும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தடவையாக, டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்வரை. பம்ப் டைமிங்குக்கு அன்னக்கழுத்துக் குழாயை மாட்டி, ஒழுகுகிற டீசல் சொட்டாகி, சொட்டு நிற்கிற அந்தக் கணத்தைப் பிடித்தார்கள். அந்த நேரத்தில் பட்டறையில் ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் சாவி போட்டோம். முதலில் டீசலை அடைத்துவைத்து, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றவைத்தார்கள். பிறகு டீசல் திறந்தது. மூன்றாவது சுற்றில் பிடித்தது! வெள்ளையாக ஒரு மூச்சு விட்டது, அரை நிமிஷத்தில் அதுவும் நின்றது. ஒன்று-ஐந்து-மூன்று-ஆறு-இரண்டு-நாலு என்று ஆறும் வரிசை தப்பாமல் பேசின. பாய் ஒரு நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, நுனியைப் பிளாக்கில் ஊன்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். அப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்றை எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். புது எஞ்சின் வேலை முடிந்ததும் ஆறு மணி நேரம் சும்மா நிறுத்தி ஓடவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். லோடு இல்லாமல் ஓடினால் ரிங் சுவரோடு அழுந்தாது, ஹோனிங் கோடுகள் மழுங்கிப் பளபளத்துவிடும், பிறகு ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும். நாங்கள் அரை லோடு ஏற்றி, நஞ்சன்கூடு, சாமராஜநகர் என்று சமவெளியில் 1,000 கிலோமீட்டர் ஓட்டினோம். பிறகு ஆயிலை மாற்றி, வால்வு இடைவெளி பார்த்து, ஹெட்டை மறுபடி இறுக்கினோம். அதற்குப் பிறகுதான் திம்பம்.

வேலைக்கும் சாமானுக்கும் 1,25,000 ரூபாய் ஆனது. ஒரு ரூபாய்கூட அதிகம் என்று சொல்லமாட்டேன். லிட்டருக்கு மூன்றே முக்கால் கொடுத்த வண்டி இப்போது லோடோடு நாலே முக்கால் கொடுக்கிறது. மாற்று எஞ்சின் வாங்குகிறவர்கள் விற்பனை ரசீதைக் கையில் வாங்கி, எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டுத்தான் மறு வேலை பார்க்கவேண்டும், நான் அப்படித்தான் செய்தேன். உங்கள் வண்டி இழுக்கவில்லை என்றால் டீசலைக் கூட்டச் சொல்லிப் பம்ப் கடைக்குப் போகாதீர்கள். ஹெட்டைத் தூக்கி, போரை அளக்கச் சொல்லுங்கள். அளந்த கணக்கை எழுதிக் காட்டுகிற ஃபிட்டரிடம் வண்டியை விடுங்கள்.

அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு மீட்டரில் 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை ஆயில் மாற்றியிருக்கிறேன். குறைந்துவிட்டது என்று நடுவில் ஒருமுறைகூட ஊற்றியதில்லை.